‘சாத்தியம் குறைவு’ என்று எழுதியவர்

தொலைபேசியில் கதைக்கும்போது அவர் இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். அலுவலகப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் யன்னலடியில், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, களவெடுத்த சாமானுக்கு விலை பேசுகிற ஆள் மாதிரி நிற்பார். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த முதுகுதான். சிலோவாக் மொழியில் கதைக்கிற மனிதர், சிலோவாக் ஒரு சொல்லும் தெரியாத எங்களுக்கு முன்னால் எதற்காக வாயைப் பொத்த வேண்டும்? அலுவலகத்தில் வேறு ஒருவருக்கும் இந்தக் கேள்வி எழவில்லை. எனக்கு எழுந்தது. எனக்கு எழாமல் வேறு யாருக்கு எழும்?

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. மரக்கறிக் கடையில் மேலே அடுக்கியிருக்கும் தக்காளியைத் தொடமாட்டேன். அடியில் கையை விட்டுப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் என்னைப் புகழ்ந்தால், இவர் என்ன அலுவலாக வந்திருக்கிறார் என்றுதான் முதலில் யோசிப்பேன். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக ஜேர்மனிக்கு வந்து ஹம் நகரில் குடியேறியபோது நான் சின்னப் பிள்ளை. வீட்டுக்கு வரும் அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களை வாசித்துத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில்தான் விழுந்தது. வாசித்து முடித்ததும் அம்மா, "அவ்வளவுதான் கிடக்குதோ? வேற ஒண்டும் எழுதேல்லையோ?" என்று என்னையே ஏற இறங்கப் பார்ப்பா. அந்தப் பார்வையை எனக்குச் சீதனமாகத் தந்துவிட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்தக் குணத்துக்கே ஒரு வேலையும் கிடைத்தது.

இப்போது கார்ஹிங் என்ற சின்ன நகரத்தில் குடியிருந்து, நிலக்கீழ் ரயிலில் போய்வருகிற தூரத்தில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஜேர்மன் கொம்பனிகள் ஆங்கிலத்தில் எழுதுகிற அறிவித்தல்களைப் பல மொழிகளுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தன் மொழிக்கு மாற்றுவார். மூலத்தைக் கண்ணாலும் காணாத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். இரண்டு ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து, எங்கே பிசகியிருக்கிறது என்று பிடிப்பவள் நான். அதற்குச் சிலோவாக்கோ போலிஷோ தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒருவரையும் நம்பாமல் இருந்தால் போதும்.

அவர் எங்கள் சிலோவாக் மொழிபெயர்ப்பாளர். இளவயதில் தன் நாட்டில் ஆறு, வாய்க்கால், அணை என்று திரிந்த இஞ்சினியர். பிறகு ஜேர்மனிக்கு வந்து, வயது போன காலத்தில் இந்தத் தொழிலுக்குள் வந்தவர். எங்கள் அலுவலகத்தில் பெரியவர் சின்னவர் இல்லாமல் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு அது பிடிக்காது. "எங்கட நாட்டில இஞ்சினியரை இஞ்சினியர் எண்டுதான் கூப்பிடுறது. கடைக்காரனும் அப்பிடித்தான் கூப்பிடுவான்" என்று ஒருநாள் என்னிடம் முறைப்பட்டார். எங்கள் ஊரிலும் அதே கதைதானே. அன்றிலிருந்து நான் மட்டும் அவரை இஞ்சினியர் என்று கூப்பிட்டேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவர் கதைத்தது ஜேர்மன், நான் எழுதுவது என் வாயில் வருகிற தமிழ். அவர் யாழ்ப்பாணத்தார் மாதிரிக் கேட்டால் குற்றம் என்னுடையது.

வேலையில் கெட்டிக்காரர். குழாய், கசிவு, அழுத்தம் என்று வருகிற பக்கங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலே முடித்துவிடுவார். ஆனால் ‘நடக்கலாம்’, ‘அநேகமாக நடக்கும்’, ‘நடப்பது அரிது’ என்ற சாதியில் ஓர் ஆங்கிலச் சொல் வந்துவிட்டால் மனிதர் சண்டி மாடு மாதிரிப் படுத்துவிடுவார். அந்த ஒரு சொல்லுக்காக வேலை நாட்கணக்கில் இழுபடும். "மற்றச் சொல்லுகளுக்கு அகராதி காணும். இதுகளுக்கு ஆள் வேணும்" என்பார். என்ன ஆள், எந்த ஆள் என்று சொல்லமாட்டார். கேட்டால் பேச்சை மாற்றிவிட்டு, சிலோவாக்கியாவுக்குப் போய்வருகிற மினிபஸ்காரர் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கசகசாப் பணியாரத்தில் ஒரு துண்டு வெட்டித் தருவார். நல்ல ருசி. என் வாயை அடைக்கத்தான் தருகிறார் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தத் துண்டுப்பிரசுரம் வந்தது. சிலோவாக்கியாவில் ஓர் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய வெள்ளத்தடுப்பு மண்கட்டு ஒன்றை ஒரு கொம்பனி திருத்தப் போகிறது. வேலை முடியும்வரைக்கும் கட்டின் ஒரு பகுதி தாழ்வாகத்தான் இருக்கும். கட்டுக்குக் கீழே இருக்கிற கிராமத்து வீடுகளுக்கு அதைப்பற்றி அறிவிக்க வேண்டும். முன்னும் பின்னுமாக ஒரே தாள்தான். அதில் உயிரான வசனமும் ஒன்றே ஒன்றுதான்: வேலைக் காலத்தில் ஆற்று நீர் வீடுகள்வரை வருவது ‘அன்லைக்லி’. நடக்காது என்றும் சொல்லவில்லை, நடக்கும் என்றும் சொல்லவில்லை. எழுதினவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். வாசிக்கிறவர்கள்தான் அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் படுக்க வேண்டும்.

சிலோவாக்கில் இதற்கு ஒரே சொல்லாக ஒரு சொல் இருக்கிறது. ‘நெப்ரவ்தெபொதொப்னே’ என்று, வாய்க்குள் சரளைக்கல் உருட்டுகிற மாதிரி. எல்லோரும் அதைத்தான் போடுவார்கள். இவர் அதைப் போடாமல், ‘சாத்தியம் குறைவு’ என்று பிரித்து எழுதியிருந்தார். திரும்பி வந்த ஆங்கிலத்தைப் பார்த்ததும் எனக்கு அது கண்ணில் குத்தியது. அந்த ஒற்றைச் சொல், கதவைச் சாத்திப்போட்டுப் போய்விடுகிற சொல். இவர் போட்டது கதவில் கொஞ்சம் நீக்கல் விட்டிருந்தது. ஏன் விட்டார்? சிவப்பில் குறித்து அனுப்பினேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் எனக்கே திருப்பி அனுப்பினார். காரணமும் எழுதவில்லை.

அடுத்த நாள் அவர் யன்னலடியில் வாயைப் பொத்திக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தபோது நான் தேநீரை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனேன். தற்செயலாகப் போனேன் என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள். அந்த மொழி எனக்கு விளங்காது. ஆனால் ஊர்ப்பெயருக்கு மொழி தேவையில்லை. துண்டுப்பிரசுரத்தில் இருந்த அதே கிராமத்தின் பெயர், அவர் வாயிலிருந்து திரும்பத் திரும்ப வந்தது. பிறகு அந்தச் சரளைக்கல் சொல்லும் வந்தது. கொம்பனி இன்னும் வெளியிடாத எழுத்தை வெளியாருக்கு வாசித்துக் காட்டுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். காணி வாங்கி விற்கிறவனுக்குச் சொல்கிறாரோ, பத்திரிகைக்குச் சொல்கிறாரோ என்று என் மூளை ஓடத் தொடங்கிவிட்டது. மேலிடத்துக்கு ஒரு வரி எழுதினால் அவருடைய வேலை போய்விடும். எழுதவில்லை. இரக்கம் ஒன்றும் இல்லை. முழுக்கதையும் தெரியாமல் எழுத எனக்கு மனம் வராது.

அலுவலகச் சமையலறையில் அவரைத் தனியாகப் பிடித்தேன். பணியாரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சினியர், நேற்று ஆரோட கதைச்சனீங்கள்?"

கத்தியைக் கீழே வைத்தார். "அக்காவோட."

"அக்கா எங்க இருக்கிறா?"

"தெரிஞ்சு வைச்சுக்கொண்டுதானே கேக்கிறியள்."

அக்கா அந்தக் கிராமத்தில்தான் இருந்தா. அதுவும் ஆற்றுக்குக் கிட்டக் கடைசி வரிசையில். புருசன் செத்துப்போய்த் தனியாக இருக்கிற மனுசி. முழங்காலும் ஏலாது. மகள் பட்டணத்தில் இருந்துகொண்டு, வேலை முடியும்வரைக்கும் என்னோடு வந்து இருங்கோ என்று கெஞ்சுகிறாளாம். இவ மாட்டேன் என்கிறாவாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்ப அக்காவை வெருட்டிக் கிளப்பத்தான் சொல்லை முறுக்கினியளோ?" என்று கேட்டேன்.

"முறுக்கேல்லை. அவவைக் கேட்டுப் பாத்தனான். அவவுக்குக் காது மந்தம், கத்த வேணும். உங்களுக்குக் கரைச்சலாயிருக்கும் எண்டுதான் கையை வைச்சுக் கதைக்கிறனான்."

அவர் சொல்லிக்கொண்டு போனார். ஒரு சொல்லுக்கு என்ன கருத்து என்று அவர் அக்காவிடம் கேட்பதில்லையாம். இப்படி ஒரு கடுதாசி வந்தால் இண்டைக்குப் பின்னேரம் நீ என்ன செய்வாய் என்றுதான் கேட்பாராம். சரளைக்கல் சொல்லைச் சொன்னபோது அக்கா, "நல்லதாப் போச்சு, நான் படுக்கப் போறன்" என்றாவாம். ‘சாத்தியம் குறைவு’ என்று சொன்னபோது, "அப்ப முயலுகளை மேல ஏத்த வேணும்" என்றாவாம். கொல்லையில் கூட்டில் முயல் வளர்க்கிற மனுசி. ‘நடக்கலாம்’ என்று சொன்னபோது, "நான் மகளிட்டைப் போறன், நீ வந்து முயலுக்குப் புல்லுப் போடு" என்றாவாம்.

"ஆங்கிலத்தில எழுதினவை என்ன நினைச்சு எழுதினவை? சனம் பயந்து ஓடவும் கூடாது, காலை நீட்டிப் படுக்கவும் கூடாது, கொஞ்சம் கவனமா இருக்க வேணும். அப்ப எனக்கு வேண்டியது முயல் ஏத்திற சொல்லு" என்றார்.

"ஒரு மனுசியைக் கேட்டு ஒரு ஊருக்கு எழுதுறியளோ? அதுவும் சொந்த அக்காவை!"

"அக்காதான் உண்மை சொல்லுவா. மற்றவையிட்டைக் கேட்டா, படிச்சவன் கேக்கிறான் எண்டு சரியான விடை சொல்லப் பாப்பினம்."

அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அக்காவின் மேல் பாசம் இருக்கிற மனிதனின் கை, எழுதும்போது கொஞ்சமாவது சாயாதா? அவரைச் சந்தேகிக்காமல் விட்டால் எனக்கு எதற்குச் சம்பளம்?

இப்படிப் பிடிகொடாமல் சொல்லுகிற விசயத்தில் தமிழராகிய நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஹம்மில் ஒரு கலியாணத்துக்குச் சொல்லப் போங்கள். "கட்டாயம் வாறம்" என்று சொன்னால் வரவும் கூடும், வராமல் விடவும் கூடும். "வரப் பாக்கிறம்" என்றால் வரமாட்டார்கள். "பாப்பம்" என்றால் அன்றைக்கு அவர்கள் வேறு கொண்டாட்டத்துக்குப் போகிறார்கள். "எங்கட வீட்டுக் கலியாணமெல்லோ, நாங்கள் வராமலோ?" என்று கையைப் பிடித்துச் சொன்னவர்களை வாசலில் காணும்வரைக்கும் நம்பக்கூடாது. ஜேர்மனியில் பிறந்த என் தம்பிக்கு இது விளங்கவில்லை. தன் கலியாணத்துக்கு, அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல், ஒவ்வொருவரும் சொன்ன சொல்லை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பிச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டான். ஜேர்மன்காரர் வருகிறேன் என்றால் வருவார்கள்தானே. பிறகென்ன, பாதி மண்டபம் வெறும் கதிரை. நாங்கள் கிழமைக்கணக்கில் ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்கிச் சூடாக்கிச் சாப்பிட்டோம். இஞ்சினியருக்கு இதைச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது, அவருடைய முறையை நானும் சோதித்துப் பார்ப்போம் என்று தோன்றியது.

"அம்மா, ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வாறதுக்குச் சாத்தியமில்லை எண்டு ஒரு அறிவித்தல் வந்தா என்ன செய்வியள்?"

"ஆர் எழுதினது?"

"ஆரோ. ஒரு கொம்பனி."

"கொம்பனி எண்டா அதுக்குள்ள ஒரு மனுசன் இருப்பான்தானே. அவன்ரை வீடும் அந்தக் கரையிலயோ இருக்குது?"

"அதெல்லாம் போடேல்லை அம்மா."

"அப்ப நான் உடுப்பு அடுக்கிறன். ஏன் பிள்ளை, நீ இருக்கிற இடத்தில வெள்ளமோ?"

வெள்ளமில்லை என்று அவவை நம்பவைக்க எனக்கு மிச்ச நேரம் முழுவதும் போய்விட்டது. ஆனால் அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. ஊரில் சண்டைக் காலத்தில், பொதுமக்கள் பதற்றப்படத் தேவையில்லை என்று வானொலியில் வாசித்தால், எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பெட்டி கட்டத் தொடங்குவார்கள். பயப்பட வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டதென்றால் பயப்பட ஏதோ இருக்கிறது என்பது அம்மாவின் கணக்கு. அந்தக் கணக்கு எங்களைக் காப்பாற்றிய நாளும் உண்டு. வீணாக ஓடிக் கோயிலில் படுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஒரு கோழியும் மிஞ்சாமல் எவனோ கொண்டுபோயிருந்த நாளும் உண்டு. அப்பா அந்தக் கோழிகளைச் சொல்லிச் சொல்லியே வருசக்கணக்காக அம்மாவைக் குத்திக்காட்டினார்.

திங்கட்கிழமை இஞ்சினியரிடம் சொன்னேன். துண்டுப்பிரசுரத்தை எடுத்து மறுபடி வாசித்தார். பிறகு, "உங்கட அம்மா சரி. நான் இவ்வளவு நாளும் சொல்லை மட்டும் சோதிச்சிருக்கிறன்" என்றார். இரண்டு பேரும் இருந்து யோசித்து, அந்த வசனத்தின் கீழே அதைச் சொல்கிற மனிதரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போடும்படி கொம்பனிக்கு எழுதினோம்.

பதிலுக்குக் கணினித் திரையில் வந்து எங்களோடு கதைத்த கொம்பனிப் பொம்பிளை சிரித்த முகம் மாறாமல் சொன்னா: தனி ஆட்களின் பெயர் போடுவது தங்கள் வழக்கம் இல்லையாம். இது ஒரு குழு எடுத்த முடிவாம். அதோடு, ‘சாத்தியம் குறைவு’ என்பது மக்களைக் குழப்புமாம். அந்த ஒற்றைச் சொல்லையே போட்டுவிடுங்கள் என்றா. எனக்கு வந்ததே கோபம். அதுவரைக்கும் இஞ்சினியர் பக்கம் திரும்பியிருந்த என் சந்தேகம் முழுவதும் அந்தக் கணத்திலேயே மற்றப் பக்கம் திரும்பிவிட்டது. தண்ணீர் வராது என்று ஊருக்குச் சொல்ல இவர்களுக்கு வாய் இருக்கிறது. அதற்குக் கீழே பெயர் போட ஒருவருக்கும் கை இல்லை. "நீங்கள் கேக்கிற சொல்லைப் போடுறம். அதைச் சொல்லுறது ஆர் எண்டு பேர் தாங்கோ. பேர் இல்லையெண்டா எங்கட சொல்லுத்தான் போகும், அதில பிழையில்லை எண்டு நான் கையெழுத்து வைப்பன்" என்றேன். யோசித்துப் பதில் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பதில் ஒரே வரியில் வந்தது: மொழிபெயர்ப்பாளரின் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். பெயர் போடுவதைவிடச் சொல்லை விட்டுக்கொடுப்பது அவர்களுக்குச் சுகமாக இருந்தது.

நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். இஞ்சினியர் கசகசாப் பணியாரத்தை முழுதாக என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். இந்த முறை சந்தேகப்படாமல் சாப்பிட்டேன்.

துண்டுப்பிரசுரம் அச்சாகி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அது அக்காவின் கைக்கும் போனது. அக்கா தம்பிக்குத் தொலைபேசி எடுத்தா. என் அம்மா கேட்ட அதே கேள்வியைத்தான் அந்த மனுசியும் கேட்டிருக்கிறா: இதை எழுதினது ஆர்? இவர் சும்மா இருந்திருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "சிலோவாக்கில எழுதினது நான்தான்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். "நீயோ எழுதினாய்? அப்ப எனக்கென்ன பயம்!" என்று அக்கா ரிசீவரை வைத்துவிட்டா. முயல்கள் ஏறவில்லை. அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில் நின்று, இது கொம்பனிக்காரன் எழுதினது இல்லை, என் தம்பி இஞ்சினியர் எழுதினது என்று எல்லோருக்கும் சொல்லியும்விட்டா. அவர் அந்த ஊரில் பிறந்து, அந்த ஆற்றிலேயே வேலை பழகியவர். ஊரில் ஒருவரும் அதற்குப் பிறகு அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லையாம். எந்தச் சொல்லுக்காக நாங்கள் அவ்வளவு சண்டை பிடித்தோமோ, அது ஊருக்குத் தேவைப்படவே இல்லை.

அவர் இதை என்னிடம் சொன்னபோது முகம் வெளிறிப்போயிருந்தது. "அவையள் என்ரை சொல்லை வாசிக்கேல்லை. என்னை வாசிச்சிட்டினம்" என்றார். திரும்பத் தொலைபேசி எடுத்து அக்காவுக்கு விளங்கப்படுத்தினார், கத்தினார், கெஞ்சினார். நீ சின்ன வயதிலேயே பயந்தாங்கொள்ளி என்று அக்கா சிரித்தாவாம். அந்தக் கோடை முடிவதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். ஓய்வெடுக்கிற வயதும் வந்துவிட்டது என்று அலுவலகத்தில் கேக் வெட்டி அனுப்பினார்கள். அக்காவோடு, அந்தக் கடைசி வரிசை வீட்டில், கட்டுவேலை முடியும்வரைக்கும் இருக்கப் போகிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டிப்பிடித்து விடைபெறுகிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு ரயிலில் வரும்போது எனக்கு மனம் சரியில்லை.

இப்போது சிலோவாக் மொழிபெயர்ப்பில் பெரும்பகுதியை இயந்திரம் செய்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் பக்கமாக வந்து விழுகிறது. ‘அன்லைக்லி’ என்று வருகிற இடமெல்லாம் அந்தச் சரளைக்கல் சொல்லை ஒரு யோசனையும் இல்லாமல் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. திருப்பி மொழிபெயர்த்தால் அச்சொட்டாகப் பொருந்துகிறது. எனக்குப் பிடிக்க ஒரு பிசகும் அகப்படுவதில்லை. அதற்கு ஆற்றங்கரையில் அக்காமார் இல்லை, தொலைபேசி எடுத்து யாரையும் கேட்காது. அது பொருந்துகிற விதத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சந்தேகம் கூடுகிறது. ஆனால் சந்தேகத்தை எழுதக் காரணம் காட்ட வேண்டுமே.

போன இலையுதிர்காலத்தில் இஞ்சினியரின் ஊர்ப்பக்கம் விடாமல் மழை. கட்டுவேலை இன்னும் முடியவில்லை. செய்தியில் அந்த ஆற்றின் பெயரைக் கேட்டதும் வேலையை அப்படியே விட்டுவிட்டு யன்னலடிக்குப் போய் அவருக்கு அழைத்தேன்.

"தண்ணி எப்பிடி?"

"ஏறுது. ஆனா வீடுகளுக்கு வரச் சாத்தியம் குறைவு. நான் போய் அளந்து பாத்தனான்."

"அக்கா என்ன செய்யிறா?"

"காலமை மகளிட்டைக் கொண்டுபோய் விட்டிட்டன். முழங்காலுக்கு ஒரு டொக்டரைக் காட்டுறதெண்டு சொல்லி ஏமாத்தித்தான் ஏத்தினனான்."

"சாத்தியம் குறைவெண்டு சொல்லுறியள். பிறகேன் அக்காவை அனுப்பினியள்?"

"குறைவுதான். ஆனா அந்தக் குறைவான இடத்தில என்ரை அக்காவைப் படுக்க விட எனக்கு மனமில்லை. நான் படுக்கலாம். நான் எழுதினனான்தானே."

எனக்கு நாக்கு நுனியில் ஒரு கேள்வி வந்து நின்றது. கேட்டால் அவருக்கு நோகும் என்று தெரியும். தெரிந்தும் கேட்டேன். என் குணம் அப்படி.

"இஞ்சினியர், அக்காவை அனுப்பினது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியுமோ?"

"டொக்டரிட்டைப் போயிட்டா எண்டுதான் சொன்னனான்."

"அப்ப அவையள், நீங்கள் இருக்கிறியள் எண்ட நம்பிக்கையில இருக்கினம். உங்கட அக்கா மட்டும் தப்பியிட்டா."

நான் எவ்வளவு கொடுமையாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் நான் அவரை அன்றோடு நம்பாமல் விட்டிருப்பேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில், "சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுறன்" என்றார். தொடர்பு அறுந்துபோனது.

வீடு வீடாகப் போயிருக்கிறார். மழையில் நின்று, என் அக்காவை நான்தான் அனுப்பினேன், டொக்டர் என்று சொன்னது பொய், நான் எழுதினது வராது என்று இல்லை, குறைவு என்றுதான், நீங்களே யோசித்துச் செய்யுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருக்கிறார். சிலர் அவருடைய முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்களாம். பலர் பிள்ளைகளையும் கிழங்கு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போனார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்த நாட்களில் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. நான் வேலையில் இருந்தபடியே அந்த ஆற்றின் நீர்மட்டம் காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் ஹம்முக்குப் பக்கத்தில் எங்கட ஆக்கள் கட்டிய ஊன்ட்றொப் கோயில் அம்மனுக்கு ஒரு நேர்த்தியும் வைத்துவிட்டேன்.

மழை விட்டபிறகு அவரே அழைத்தார்.

"தண்ணி வரேல்லை" என்றார். "றோட்டு ஓரத்தோட நிண்டிட்டுது. போன சனமெல்லாம் திரும்பி வந்து என்னைத் திட்டுது. வீணா அலைச்சல் எண்டு, கள்ளன் எண்டு, என்ன எல்லாமோ சொல்லுதுகள். இனி நான் என்ன எழுதினாலும் வடிவா வாசிச்சுப் பாத்திட்டுத்தான் நம்புவினமாம். அக்கா என்னோட கதைக்கிறா இல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதி மண்டபம் வெறும் கதிரை என்று நான் சொன்ன அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. ஊர் முழுக்கத் திட்டு வாங்கின மனிதனின் குரலில் அவ்வளவு ஆறுதலை நான் கேட்டதில்லை. மூக்கை உறிஞ்சினேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

"என்ன, தடிமனோ?" என்று கேட்டார்.

"ஓம், தடிமன்" என்றேன்.

நம்பியிருக்கமாட்டார்.